படம் திறப்பதற்கு முன்: எங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், மூத்த வழக்கறிஞர்கள் அனைவருக்கும், அப்பாவின் சனிக்கிழமை வகுப்பில் பாய் விரித்து உட்கார்ந்து படித்து, இன்று பல ஊர் நீதிமன்றங்களில் தொழில் செய்கிற அவருடைய மாணவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த கார்த்திகையில் என் தந்தையார் தம்முடைய எண்பத்திரண்டாம் வயதில் காலமானபோது, மறுநாள் காலையில் நீங்கள் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியதையும், கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே ஆற்றங்கரை மயானம் வரை நடந்து வந்ததையும், பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தப் பிள்ளைகளைப் போல நின்று இலை போட்டதையும் எங்கள் குடும்பம் மறக்காது. அப்பாவின் நெடுநாள் குமாஸ்தாவை உங்களில் இருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். அதற்காகத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

சென்ற மாதம் செயலாளர் வீட்டுக்கு வந்து, சங்க நூலகத்தில் அப்பாவின் படத்தைத் திறந்து வைக்க முடிவாகியிருப்பதையும், சட்ட மாணவர்களுக்கு அவர் பெயரால் ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் மாதிரி வழக்குமன்றப் போட்டி நடத்தித் தங்கப் பதக்கம் தரப்போவதையும் சொன்னார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சம்மதமாகத் தலையசைத்தேன். அதன்பின் ஒரு வாரம் அப்பாவின் அறையில் உட்கார்ந்து அவருடைய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகு, அன்று நான் தலையசைத்தது சரியில்லை என்று மனத்துக்குப் பட்டது. அதைச் செயலாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் இது எங்கள் வீட்டுக்கும் உங்கள் சங்கத்துக்கும் நடுவே முடிந்துபோகிற விஷயமாகத் தோன்றவில்லை. அப்பாவின் மாணவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அவர்களும் கேட்க வேண்டும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பெட்டிகள் மூன்று. மூன்றும் தகரப் பெட்டிகள். அவற்றில் இருப்பவை கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரித்து, அச்சடிக்காத பக்கத்தில் அப்பா எழுதி வைத்த அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மேலே கட்சிக்காரர் வாயால் சொன்ன சொல், நடுவில் அதற்குச் சட்டத்தில் உள்ள பெயரும் பிரிவும், கீழே நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வழக்குரையில் அதை எப்படி எழுத வேண்டும் என்ற குறிப்பு. 'மூணு மாவை ஒத்திக்கு விட்டிருக்கேங்க' என்று ஓர் அட்டை தொடங்குகிறது. அதற்கடியில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவு. கடன் கொடுத்தவர் நிலத்தைச் சுவாதீனத்தில் வைத்துக்கொண்டு அதன் பலனை வட்டிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் அடமானம் என்று விளக்கம். கடைசி வரியில், 'எழுத வேண்டிய சொல்: ஒத்தி. வேறு தேடாதே.' வாரம், குத்தகை, மஞ்சள்காணி, விடுதலைப் பத்திரம், வில்லங்கம், நாலெல்லை என்று நம் காவிரிப் படுகையில் மண்ணோடு புழங்குகிற சொற்கள் எல்லாவற்றுக்கும் அட்டை இருக்கிறது. நில அளவையில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று ஓர் அட்டையில் எழுதி, சிட்டாவில் இப்போது ஹெக்டேரிலும் ஏரிலும் அளவு வருவதால், கட்சிக்காரர் சொல்லும் மாவையும் அடைப்புக்குறிக்குள் எழுதாமல் சொத்து விவரத்தை முடிக்கக் கூடாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

இந்த அட்டைகள் எங்கே தொடங்கின என்பது எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. ஒன்றரை மா நிலத்துக்காகப் பதினொரு ஆண்டு நீதிமன்றப் படி ஏறி இறங்கிய ஒரு விவசாயி அப்பாவின் கட்சிக்காரர். முன்சீப் கோர்ட்டில் அவர் ஜெயித்தார்; எதிர்த்தரப்பு சப் கோர்ட்டுக்கு மேல்முறையீடு போயிற்று. தீர்ப்புச் சொன்ன நாளில் அப்பா சட்டக் கல்லூரியில் பகுதிநேர வகுப்பு எடுக்கப் போயிருந்தார். தீர்ப்பு ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. வெளியே வராந்தாவில் நின்ற விவசாயியிடம் யாரோ, 'மேல்முறையீடு தள்ளுபடி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் காதில் விழுந்தது 'தள்ளுபடி' என்ற ஒரு சொல்தான். தோற்றுவிட்டோம் என்று எண்ணி, பேருந்துக்குக்கூட நிற்காமல் ஊருக்கு நடந்தே போயிருக்கிறார்.

இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பிய அப்பாவிடம் குமாஸ்தா நடந்ததைச் சொன்னார். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். சைக்கிளில் என்னை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போனார். ஏன் என்னை அழைத்துக்கொண்டு போனார் என்று பிறகு ஒருநாளும் நான் கேட்கவில்லை. ஆடி மாதம், வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடும் சத்தம் வழியெல்லாம் கூடவே வந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் சிம்னி விளக்குக்குப் பக்கத்தில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்பு மூட்டவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, 'தள்ளுபடி ஆனது அவங்க போட்ட மனு. நிலம் உங்களுது' என்றார். அவர் நம்பவில்லை. அப்பா அதையே மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை அந்த மனிதர் குரலெடுத்து அழுத அழுகையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஜெயித்த வழக்குக்காக ஒரு மனிதர் முழுநாள் பட்டினி கிடந்திருந்தார்.

திரும்பி வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்குப் பட்டியல் தாளின் பின்பக்கத்தில் அவர் தாமே இயற்றி எழுதியிருந்த குறள் வெண்பாவை நான் பார்த்தேன். அப்போது எனக்கு அது முழுதாக விளங்கவில்லை.

தோற்றவன் கேட்டுத் தெளிந்தால் அதுதீர்ப்பு
தேற்றமிலாச் சொல்லோ சுமை

அன்று முதல், தாம் நடத்திய ஒவ்வொரு வழக்கிலும் தீர்ப்பு வந்த அன்றே கட்சிக்காரர் கையில் ஒரு தாள் கொடுப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். மாணவர்கள் அதற்கு 'ஒற்றைத்தாள்' என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள், நீதிமன்றம் என்ன முடிவு செய்தது, எதனால் அப்படி முடிவு செய்தது, இனி நீங்கள் செய்யக்கூடியது என்ன, அதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பவை மட்டும் அதில் இருக்கும். மேல்முறையீடு மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள், தீர்ப்பின் நகல் வாங்க ஆன நாட்கள் அந்தக் கணக்கில் சேராது என்பதை எழுதி, கடைசி நாளைத் தமிழ் மாதத்திலும் குறித்துக் கொடுப்பார். வழக்கில் தோற்ற கட்சிக்காரருக்குக் கொடுக்கும் தாளைத்தான் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எழுதுவார். ஜெயித்தவர் தீர்ப்பைப் படிப்பதில்லை, தோற்றவருக்காகத்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

உங்கள் இரங்கல் தீர்மானத்தில், அப்பா 'வழக்கறிஞராக இருந்ததோடு ஆசிரியராகவும் கவிஞராகவும் விளங்கினார்' என்று எழுதியிருந்தீர்கள். அன்போடு எழுதியதுதான். ஆனால் அவரோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு, எந்த நேரத்தில் அவர் வக்கீல், எந்த நேரத்தில் வாத்தியார், எந்த நேரத்தில் புலவர் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆறாம் கட்டளை இரண்டாம் விதியை அவர் பாடம் நடத்தும்போது நீங்களே கேட்டிருப்பீர்கள். வழக்குரையில் சாட்சியத்தை எழுதாதே, வழக்குக்கு அடிப்படையான நிகழ்வுகளை மட்டும் எழுது, சுருக்கமாக எழுது, பத்தி பிரித்து எண் போடு என்று 1908ஆம் ஆண்டிலிருந்து அந்த விதி சொல்கிறது. 'இதுதான் வெண்பா இலக்கணம். ஒரு சீர் கூடினாலும் தளை தட்டும், ஒரு சீர் குறைந்தாலும் தட்டும்' என்பார் அப்பா.

ஒரு சனிக்கிழமை வகுப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் தமிழாசிரியைப் பணிக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் காபி டம்ளர்களோடு நின்றேன். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பையன் தான் எழுதிய வழக்குரையைப் படித்தான். 'மேற்படி தாவா சொத்தானது வாதிக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு, வாதியின் சர்வ சுதந்திர சுவாதீன அனுபோகத்தில் இருந்துவரும் நிலையில், பிரதிவாதியானவர் யாதொரு பாத்தியமும் இன்றி மேற்படி சொத்தில் அத்துமீறிப் பிரவேசிக்க எத்தனித்து வருவதாலும்' என்று தொடங்கிய வாக்கியம் ஒன்றரைப் பக்கம் தாண்டியும் முடியவில்லை. அப்பா குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, திண்ணையோரம் நின்றிருந்த, அந்த வழக்குக்கு உரிய பெரியவரைப் பார்த்து, 'இவர் என்ன எழுதியிருக்கார்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?' என்று கேட்டார். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, 'நல்லாத்தாங்க எழுதியிருக்காரு' என்றார்.

'சரி, என்ன நடந்துதுன்னு நீங்களே சொல்லுங்க.'

பெரியவர் சொன்னார். அது அவருடைய அப்பா விட்டுப்போன நிலம். குறுவையும் தாளடியும் அவர்தான் நடுகிறார். பக்கத்து நிலத்துக்காரர் தை மாதம் அறுவடைக்கு மறுநாள் காலையில் வரப்பை வெட்டித் தள்ளி அரையடி உள்ளே வந்துவிட்டார். அப்பா பலகையில் நான்கு வாக்கியம் எழுதினார்: 'நிலம் வாதிக்குத் தந்தை வழியில் வந்தது. வாதியே அதில் பயிர் செய்துவருகிறார். பிரதிவாதிக்கு அதில் உரிமை இல்லை. அவர் இன்ன தேதி காலையில் வடபுற வரப்பை வெட்டினார்.' பிறகு பையனிடம் திரும்பி, தேதியும் திசையும் உன்னுடைய ஒன்றரைப் பக்கத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். அந்தப் பையன் தன் தாளை மேலும் கீழும் தேடினான். அதில் இரண்டும் இல்லை. அந்தப் பையன் இன்று உங்களில் மூத்தவர்களில் ஒருவர். அவர் எழுதும் வழக்குரைகளை நீதிபதிகள் பாராட்டுவதாக அப்பா என்னிடம் பெருமையோடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் கவிதைகளைப் பற்றியும் நான் உண்மையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றைத் தொகுத்து நூலாக்கலாம் என்றும் உங்களில் சிலர் சொன்னீர்கள். தமிழின் பெருமையைப் பற்றியும் பொங்கலைப் பற்றியும் அவர் எழுதிய விருத்தங்கள் இலக்கணப் பிழை இல்லாதவை. அதற்கு மேல் அவற்றில் சிறப்பு இருப்பதாகத் தமிழ் கற்பிக்கிற எனக்குத் தோன்றவில்லை. நீதிமன்ற வராந்தாவில் அவர் கண்டவற்றைப் பற்றி எழுதியவையும், மாணவர்கள் மனப்பாடம் செய்வதற்காக எழுதியவையும் வேறு வகை. அவற்றில் ஒரு சொல்லைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்துக்கு அவர் எழுதிய குறளை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

வாங்கிய கைக்கடன் மூன்றாண்டு, காணிக்கோ
நீங்கியபின் பன்னீராண் டெண்ணு

நிலத்தில் இருந்து வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற விதியில், எண்ணத் தொடங்க வேண்டிய நாள் எது என்பதில்தான் மாணவர்கள் தவறுவார்கள். 'நீங்கியபின்' என்ற ஒரே சீர் அதைச் சொல்லிவிடுகிறது. எதிர்த்தரப்பு எழுப்பாவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்வதால், ஒரு வக்கீல் நாளை எண்ணத் தவறினால் ஒரு குடும்பத்தின் நிலம் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் அவர் பாட்டெழுதினார்.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா என்று தயங்கினேன். அம்மா எழுதச் சொன்னார். வசதியான ஒரு குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் தங்கள் மூன்று சகோதரிகளிடம், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் வந்தார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு நம் மாநிலத்தில் கொண்டுவந்த 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் பங்கு தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன்பே திருமணமானவர்களை அது சேர்க்கவில்லை. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அந்த மூவரும் 1989க்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். தங்களுக்கு ஒன்றும் கிடையாது என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அண்ணன்மார் கேட்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள்.

பத்திரம் முத்திரைத்தாளில் தயாராக இருந்தது. அப்பா அதை மேசைமேல் வைத்துவிட்டு, மூத்தவரிடம், 'அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா இந்த வீட்டிலயும் நிலத்திலயும் உங்களுக்கு இனிமே பங்கு கிடையாது. போடாம இருந்தா, சட்டப்படி பங்கு உண்டு. இரண்டையும் தெரிஞ்சுக்கிட்டு உங்க விருப்பம்போல செய்யுங்க' என்றார். அறையில் யாரும் பேசவில்லை. மூத்தவர் கையெழுத்திட்டார், தம்பிகள் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லியே கையெழுத்திட்டார். நடுத்தங்கையும் போட்டார். இளையவர் பேனாவின் மூடியை மூடி மேசைமேல் வைத்தார். 'எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குங்கய்யா' என்றார், அவ்வளவுதான். கட்டணம் கொடுத்த கட்சிக்காரர்களாகிய அண்ணன் தம்பிகள் அப்பாவைத் தகாத சொற்களால் பேசிவிட்டுத் தங்கள் வழக்குக் கட்டுக்களை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வாங்கிய முன்பணத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்தனுப்பினார்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, வினிதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005ஆம் ஆண்டில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல, மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று தீர்ப்பளித்தபோது, அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. கொரோனா காலம், நீதிமன்றம் இயங்கவில்லை, வகுப்பும் இல்லை. அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளை மூன்று வாரம் உட்கார்ந்து தமிழில் எழுதினார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன்பே பதிவுப் பத்திரத்தால் முடிந்த பாகப்பிரிவினையை இது கலைக்காது என்பதைத் தனிப் பத்தியாகப் போட்டு, வீண் நம்பிக்கை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் படி இரண்டாம் பெட்டியில் இருக்கிறது.

அப்பா ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபுவின் தீர்ப்புகளில் வருகிற சின்னச் சின்ன வாக்கியங்களை உரக்கப் படித்துக் காட்டி, எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று கிராமத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வார். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பலருக்கு ஆங்கிலத் தீர்ப்புகளின் மீதிருந்த அச்சம் அந்தத் திண்ணையில்தான் தெளிந்தது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்ற கோரிக்கைக்கும் அவர் ஆதரவாளர்தான். அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர் அதற்கு அதிகாரமளிக்கலாம் என்பதையும், 2006ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி நம் சட்டமன்றம் அதைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் கைகூடவில்லை என்பதையும் மேடைகளில் பேசியிருக்கிறார். ஆனால் அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் கொண்டுவந்த திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழி ஏற்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், யாருடைய அனுமதியும் தேவைப்படாத இடத்தில்கூட, கட்சிக்காரருக்குப் புரியும் தமிழில் எழுதும் பழக்கம் நம்மிடம் வரவில்லையே என்பதுதான் அது. 'கதவு திறந்துதான் இருக்கு, நாம உள்ளே போகலை' என்பார்.

அவருக்கு வழிகாட்டி மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்றுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அப்பாவுக்கு அவர் முதலில், 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த மனிதர். 'சித்தாந்த சங்கிரகம்' என்ற அந்த நூல் வெளிவந்தது 1862இல். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒரு முன்சீப், தம் அலுவல் நேரம் போக மீந்த நேரத்தில், கேட்பாரில்லாமலே செய்த வேலை அது என்று சொல்லும்போது அப்பாவின் குரல் தழுதழுக்கும். நீதிநூல் பாடிய கையும் தீர்ப்பெழுதிய கையும் அவருக்கு ஒன்றாக இருந்ததே அப்பாவை ஈர்த்தது என்று நினைக்கிறேன்.

கடைசி ஆண்டுகளிலும் அவர் ஓயவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, அறுபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக நாவில் பழகிய எண்கள் எல்லாம் மாறிப்போயின. ஏமாற்றுதலுக்கு 420 போய் 318, கொலைக்கு 302 போய் 103 என்று எண்பது வயதைத் தாண்டிய மனிதர் அதிகாலையில் எழுந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தார். ஏன் இந்தப் பாடு என்று அம்மா கேட்டதற்கு, 'சனிக்கிழமை பசங்க வருவாங்களே' என்றார். கண் மங்கிய பிறகு, தமிழில் வெளிவருகிற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மொழிபெயர்ப்புகளை நான் வாசிக்க, அவர் திருத்தம் சொல்ல, நான் பென்சிலால் குறித்தேன். காலமாவதற்கு ஒன்பது நாள் முன்புகூட இரண்டு பக்கம் பார்த்தோம்.

ஆகவே, சங்கத்தாரே, என் வேண்டுகோள் இதுதான். சனிக்கிழமை வகுப்பு அப்பாவோடு நின்றுவிடக் கூடாது. உங்களில் அவரிடம் படித்தவர்கள் முறைவைத்து அதை நடத்த வேண்டும். எங்கள் திண்ணை எப்போதும் திறந்திருக்கும். அது வசதிப்படாவிட்டால் சங்கக் கட்டடத்திலேயே நடத்துங்கள். பெட்டிகளில் உள்ள அட்டைகளைத் தட்டச்சு செய்து, வக்கீல்கள் மட்டுமல்லாமல் நீதிமன்றத்துக்கு வருகிற யாரும் எடுத்துப் பார்க்கும்படி நூலகத்தில் வையுங்கள்; தட்டச்சையும் மெய்ப்பையும் நானும் என் பள்ளியின் தமிழாசிரியர்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம். தீர்ப்பு வந்த அன்றே கட்சிக்காரருக்கு ஒற்றைத்தாள் கொடுப்பதைச் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேலைப் பளு எனக்குத் தெரியும். ஒரு நாளில் ஐந்து கோர்ட்டில் கட்டு எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களிடம் இன்னொரு தாளும் எழுதுங்கள் என்று கேட்பது எளிதல்ல. அப்பாவும் ஐந்து கோர்ட்டுக்கு ஓடியவர்தான் என்பதால் கேட்கிறேன்.

பதக்கம் கொடுப்பதாயின், ஒரு தீர்ப்பைக் கட்சிக்காரருக்குப் புரியும்படி தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுகிற மாணவருக்குக் கொடுங்கள். எழுதியது புரிகிறதா என்று சொல்லும் நடுவர்களில் ஒருவராவது நீதிமன்ற வாசலில் வாய்தாவுக்காகக் காத்து நிற்கிறவராக இருக்கட்டும். பதக்கத்துக்கான செலவை எங்கள் குடும்பமே ஏற்கும். படத்தை, வகுப்பு மறுபடி தொடங்கி ஓராண்டு ஆன பிறகு வையுங்கள். அதுவரை அம்மாவின் பூஜை அறையில் அது இருக்கட்டும்.

முதல் பெட்டியில் ஓர் அட்டையை மட்டும் எடுத்து மேலே தனியாக வைத்திருக்கிறேன். சட்டத்தின் எழுத்து மட்டும் போதாத இடத்தில் நியாயம் பார்த்துத் தீர்ப்பதைக் குறிக்கும் 'ஈக்விட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைத் தலைப்பிட்டிருக்கிறார். அதற்கடியில் நியாயம் என்று எழுதி அடித்திருக்கிறார். நேர்மை என்று எழுதி அடித்திருக்கிறார். சமநீதி என்பதை அடிக்காமல், அதற்குப் பக்கத்தில் 'புத்தகத்தில் இருக்கிறது, வாயில் இல்லை' என்று குறித்திருக்கிறார். கடைசியாக ஒப்புரவு என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். மை நிறத்தைப் பார்த்தால் இந்த நான்கு சொற்களும் நான்கு வேறு காலங்களில் எழுதியவையாகத் தெரிகின்றன. முதல் வகுப்பை அந்த அட்டையில் தொடங்கலாம்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திண்ணையில் பாய் விரித்து வைத்திருப்பேன். கரும்பலகைக்குப் புதிதாகக் கறுப்பு பூசியாகிவிட்டது. காபியை அம்மாவே போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியார் வக்கீலின் மகள்